அண்ணனுக்குக் கொடுக்காத தூண்டில்

போன ஞாயிற்றுக்கிழமை, மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் என் அண்ணன் சந்திரனுடைய முப்பத்தோராம் நாள் காரியம்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கிய நேரம். நஸீர் நானா வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். மாத்தளை மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருப்பவர். அண்ணன் லொறியில் கொண்டுவரும் மீனை அதிகாலையில் இறக்கி எடுப்பவர் அவர்தான். அப்படி வளர்ந்த சிநேகம்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நான்தான். இரண்டு கையாலும் ஒரு பெரிய மீனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறேன்.

"சந்திரன் அண்ணன் அனுப்பின படம். நாப்பது கிலோவுக்குக் குறையாது. நீங்க தனியாவா தம்பி புடிச்சீங்க?"

"ஆமா நானா" என்றேன்.

சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு அந்த மீன் ஞாபகம் இருக்கலாம். சில மாதங்களுக்கு முன், திருகோணமலைக் கடலில் கெலவல்லா பிடித்த கதையை இங்கே எழுதினேன். கடலே இல்லாத மாத்தளைக்காரன் மீன் பிடிக்கப் போன கூத்து என்று சிரிக்கச் சிரிக்க எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். 'அடுத்தது திமிங்கிலமா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அந்தக் கட்டுரையில் ஒரு வரி வரும். அண்ணன் நிழலில் சாய்ந்துகொண்டு, நான் மீனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து ரசித்தார் என்று.

அது பொய்.

இன்றைக்கு அதைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். முப்பது வருடம் கூலர் லொறி ஓட்டினார் — திருகோணமலையில் மீன் ஏற்றி, ஹபரணை, தம்புள்ளை, நாவுல வழியாக மாத்தளைக்கு. யுத்த காலத்தில் செக் பொயின்டுக்குச் செக் பொயின்ட் ஐஸ் பெட்டிகளை இறக்கிக் காட்டிவிட்டுத் திரும்ப ஏற்றி, மீன் கெடுவதற்குள் ஊர் வந்து சேருவார். மாத்தளையில் பலர் வீட்டுச் சட்டியில் கொதித்த கெலவல்லா — சூரை மீன்களில் பெரிய ஜாதி — அவர் கொண்டுவந்ததுதான்.

ஆனால் அந்த முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் படகில் ஏறியதில்லை. எங்கே நேரம்? மீன் ஏறியவுடன் லொறி கிளம்பிவிட வேண்டும்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் தேறி, கைத்தடியோடு நடந்தார். கை தேறவில்லை. லொறி ஓட்டம் அதோடு நின்றது.

வீட்டிலேயே இருந்தவருக்குப் போனில் வீடியோ பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. வெளிநாட்டுக்காரர்கள் வாடகைப் படகில் ஆழ்கடலுக்குப் போய், ஆள் உயர மீன்களைத் தூண்டிலில் பிடிக்கிற வீடியோக்கள். ஒரு நாள் நான் போயிருந்தபோது போனை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்...

"டேய் தம்பி, முப்பது வருஷமா நான் செத்த மீனைத்தான்டா பார்த்திருக்கேன். உசிரோட ஒரு கெலவல்லாவைப் பிடிச்சுப் பார்க்கணும்."

'பார்க்கணும்' என்று மட்டும் அவர் சொல்லவில்லை. 'பிடிச்சுப் பார்க்கணும்' என்றார். அந்த ஒரு சொல்லின் வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. எழுத்தாளனாம்!

புஷ்பா அண்ணி சமையலறையிலிருந்தே கத்தினார். "ஒத்தக் கைய வச்சுக்கிட்டுக் கடலுக்கா? ரெண்டு பேருக்கும் பைத்தியமா?"

டொக்டரிடம் கேட்டோம். லைஃப் ஜாக்கெட் போட்டு, கவனமாக உட்கார்ந்திருந்தால் போகலாம் என்றார். அண்ணி அரைமனதாகச் சம்மதித்தார். திருகோணமலையில் சுற்றுலாக்காரர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் ஒரு படகை நாள் முழுக்க எங்களுக்கென்று பிடித்தேன்.

அதிலிருந்து எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். ரொம்ப நன்றாகவே பார்த்துக்கொண்டேன்!

வாடகை வேனில் அவர் டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறப் பார்த்தார். "பின்னால காலை நீட்டி வசதியா இருங்கண்ணே" என்று பின்னால் ஏற்றினேன். அந்த வீதியில் முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர் பின் சீட்டில். லைசன்ஸே இல்லாத நான் முன் சீட்டில்.

ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். கடைக்காரர் அண்ணனைப் பார்த்து, "சீனி போடவா ஐயா?" என்றார். "அவருக்கு வேணாம்" என்று நான் பதில் சொன்னேன். வடையை எடுக்கக் கை நீட்டினார். நானே எடுத்து, பிய்த்து, தட்டில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆகா... அண்ணனை எவ்வளவு அன்பாகக் கவனிக்கிறேன் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் படகு கிளம்பியது. படகோட்டி ரொபட், திருகோணமலைக்காரர். நாற்பது வயதிருக்கும். உதவிக்கு அவருடைய மச்சான். துறைமுகத்தைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. கரை ஒரு கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. படகின் பின்பக்கம் மூன்று தூண்டில்களைப் பொருத்தி, பொய் இரைகளைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போனார்கள்.

அண்ணன் முன்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தார். காற்றில் தலைமுடியெல்லாம் கலைந்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பாரிசவாதம் வந்த பிறகு அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில் கடல் பறவைகள் கூட்டமாக விழுந்து எழும்புவதை ரொபட் காட்டினார். கிட்டே போனால் — ஐம்பது, அறுபது டொல்பின்கள்! அவற்றுக்கு நடுவில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கெலவல்லாக்கள் பாய்ந்தன.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி... தம்பி, பாருடா!"

அந்த நொடியில் ஒரு தூண்டில் வில்லாக வளைந்தது. ரீல் கீச்சென்று அலறியது.

"மீன்! பெரிய மீன்!" ரொபட் தூண்டிலைக் கழற்றி எடுத்தார். "ஆர் பிடிக்கிறது?"

அண்ணன் வலது கையை நீட்டினார். "கொண்டாங்க."

நான் இரண்டே எட்டில் குறுக்கே போனேன். "அண்ணே, நீங்க இருங்க. நான் பார்த்துக்கறேன்."

"ஐயா இருந்துகொண்டே பிடிக்கலாம் அண்ணன்" என்றார் ரொபட் என்னிடம். "இடுப்பில பெல்ட் போட்டு, தூண்டிலை அதுக்குள்ள குத்தி விடுறன். பாரத்தை நான் பின்னால நிண்டு தாங்குறன். ஒரு கையால ரீலைச் சுத்தினாப் போதும். எத்தினையோ பேர் அப்பிடிப் பிடிச்சிருக்கினம்."

"வேணாம் வேணாம். அவருக்கு ஏலாது" என்றேன்.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதுபடத்தான் சொன்னேன்.

நீட்டிய கை மெதுவாகக் கீழே இறங்கியது. உட்கார்ந்துவிட்டார்.

பெல்ட்டை நான் கட்டிக்கொண்டேன். முக்கால் மணித்தியாலப் போராட்டம். மீன் கீழே ஓடும், நான் நிமிர்ந்து இழுப்பேன், குனிந்து சுற்றுவேன், மறுபடியும் ஓடும். கை எரிந்தது, முதுகு உடைந்தது. இதையெல்லாம் அந்தக் கட்டுரையில் நகைச்சுவையாக எழுதியிருந்தேன். எழுதாத விசயம் ஒன்று உண்டு.

பாதியில் எனக்கு மூச்சு வாங்கியபோது, அண்ணன் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார்.

"கொஞ்ச நேரம் நான் சுத்தறேன்டா. ஒரு பத்து சுத்து. பிறகு நீயே எடு."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்ககிட்ட விட்டா மீன் போயிடும்ணே!"

கவனித்தீர்களா? 'உங்களுக்குக் கை வலிக்கும்' என்று நான் சொல்லவில்லை. 'விழுந்திடுவீங்க' என்று சொல்லவில்லை. மீன் போயிடும் என்றேன். அதுவரை அன்பு, அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எதுவோ, அந்த ஒரு வாக்கியத்தில் அதன் உண்மையான முகம் வெளியே வந்துவிட்டது. எனக்கு அந்த மீன் வேண்டும். அவ்வளவுதான்.

கடைசியில் மீன் மேலே வந்தது. ரொபட் நீளக் கம்பில் பூட்டிய கொக்கியால் அதை இழுத்துப் படகுக்குள் போட்டார். அது வாலால் அடித்த வேகத்தில் பலகையெல்லாம் அதிர்ந்தது.

உயிரோடு இருக்கிற கெலவல்லாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நம் மார்க்கெட்டில் கிடக்கும் சாம்பல் நிறக் கட்டை இல்லை அது. முதுகில் கரும் நீலம், விலாவில் தங்கம் உருகி ஓடுகிற மாதிரி ஒரு பட்டை, செட்டையெல்லாம் மஞ்சள். அந்த நிறங்கள் மினுங்கின, மாறின... பிறகு எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டு, மூன்று நிமிடம்தான்.

அண்ணன் பலகையில் குந்தி, வலது கையை மீனின் மேல் வைத்தபடியே இருந்தார். நிறம் முழுக்கப் போகும்வரை கையை எடுக்கவில்லை.

"இந்தக் கலர் ஒண்ணும் மாத்தளைக்கு வர்றதில்லையேடா" என்றார்.

பிறகு படம் எடுத்தோம். நான் மீனைத் தூக்கினேன். எடுத்தவர் அண்ணன். ஒற்றைக் கையால் போனைப் பிடித்து, நடுங்காமல் இருக்க முழங்கையை விலாவில் ஊன்றி, நல்லபடியாகவே எடுத்தார். அண்ணனும் மீனும் இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொரு மீனுக்காக ரொபட் மதியம்வரை சுற்றினார். கிடைக்கவில்லை. காற்று எழும்பியதால் திரும்பிவிட்டோம். வழியில் அண்ணன் கேட்டார், "அடுத்த தடவை எனக்கு விடு, என்ன?"

"கட்டாயம்ணே!" என்றேன். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்...

ஊருக்கு வந்து கட்டுரையை எழுதினேன். அவர் சாய்ந்துகொண்டு ரசித்தார் என்ற அந்த வரியையும் அவர் படித்தார். போனில் கூப்பிட்டு, "நல்லா எழுதியிருக்கடா" என்றார். வேறு ஒன்றுமே சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பாரிசவாதம். இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

நஸீர் நானாவுக்கு இது எதுவும் தெரியாது. படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு எழுந்து போனார். பிறகுதான் அண்ணி வந்தார்.

"தம்பி, பின்னால கொஞ்சம் வாங்க. அதை அவுக்கவா விடவான்னு எனக்குத் தெரியல."

வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதைப் பக்கமாக ஒரு மாமரம். கிளையில் நைலோன் கயிறு போட்டிருந்தது. ஒரு நுனியில் ஐந்து லீட்டர் தண்ணீர்க் கேன். மறு நுனி, பழைய சைக்கிள் பெடல் ஒன்றில் சுற்றியிருந்தது. பெடல், மரத்தில் அடித்த பலகையில் பூட்டியிருந்தது. முன்னால் ஒரு ஸ்டூல்.

எனக்குப் புரியவில்லை. "என்ன அண்ணி இது?"

"நீங்க திரிகோணமலைக்குப் போய் வந்த அடுத்த நாளே செஞ்சாரு. காலையில அரை மணித்தியாலம் இதுல இருந்து சுத்துவாரு. முதல்ல சின்ன சோடாப் போத்தல்ல தண்ணி. பிறகு ரெண்டு லீட்டர். பிறகு இந்தக் கேன். 'எதுக்குங்க இந்தக் கூத்து'ன்னு கேட்டேன். 'தம்பி எனக்கு ஏலாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். அடுத்த தடவை அவனுக்குக் காட்டணும்'னாரு."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி வாரம் இடது கை விரலும் கயித்தை லேசாப் பிடிச்சிச்சு தம்பி. உங்ககிட்ட சொல்லவான்னு கேட்டேன். வேணாம், கடல்ல வச்சு அவனே பார்க்கட்டும்னுட்டாரு."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலது கையால் மட்டும் பெடலைச் சுற்றிப் பார்த்தேன். கேன் ஒரு அடி எழும்பியது, இரண்டு அடி எழும்பியது... அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேன் தரையில் விழுந்தது.

அதற்குப் பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அண்ணி தடுக்கவில்லை. "அவுக்க வேணாம் போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

நோயாளி இருக்கிற வீடு நம்மில் பலருக்கு உண்டு. முதலில் கரண்டியை வாங்கிக்கொள்கிறோம், பிறகு கதவுத் திறப்புக் கொத்தை, பிறகு அவர் வாயில் வர வேண்டிய பதிலை. 'உங்களுக்கு ஏன் சிரமம்?' என்று அன்பாகத்தான் கேட்கிறோம். அவர்களும் மெதுவாகக் கையை இறக்கிவிடுகிறார்கள். இறங்கிய கையை யார் கவனிக்கிறோம்?

திருத்தம் இதுதான். அண்ணன் அன்றைக்குச் சாய்ந்துகொண்டு ரசிக்கவில்லை. இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நான் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது கை நீட்டினால், கொடுத்துவிடுங்கள். மீன் போனால் போகட்டும்.