மைத்ர முகூர்த்தத்தில் கட்டிய கார் கடன்

அந்தக் கடிதம் வரும்வரை நான் பொறுத்திருக்க வேண்டுமா? பொறுத்திருந்தால் மட்டும் வந்திருக்குமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மகள் பிறந்த வருடம் தவணையில் கார் வாங்கினோம். முடிச்சூரிலிருந்து தடுப்பூசிக்கு ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாமே என்றுதான். இந்த வருடம் கணவருக்கு வேலை போனது. காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். கூடுவாஞ்சேரியில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் முன்பணம் கொடுத்தார். அது மகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் போய்விட்டது.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருக்கிறது. கடனை அடைத்து, அவர்கள் தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் வண்டி பாய் பெயருக்கு மாறும். அடைப்பதற்கு முன், எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று அவர்கள் ஒரு கடிதம் தர வேண்டும். மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று முறையும் ஒரு புகார் எண் மட்டும் வந்தது. கடனை அடைக்க என் கல்யாண வளையல்களை விற்ற பணம் வங்கியில் கிடந்தது.

அப்போதுதான் மாமியார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலை மைத்ர முகூர்த்தம். அந்த நேரத்தில் அசலில் கொஞ்சம் கட்டினால் கடன் சீக்கிரம் தீரும். பின்னாலேயே போனும் வந்தது.

"கொஞ்சமாவது கட்டிடும்மா. விட்டா இந்த நேரம் திரும்ப எப்ப வருமோ."

"லெட்டர் வரட்டும், அவசரப்படாத," என்றார் கணவர்.

குளித்து, விளக்கேற்றி, கம்பெனியின் செயலியில் தெரிந்த பாக்கி அசல் முழுவதையும் கட்டினேன். கொஞ்சம் கட்டினாலே தீரும் என்றால், முழுதாகக் கட்டினால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வழக்கம்போல் தவணை பிடித்தார்கள். நான் கட்டியது 'கூடுதல் தொகை' என்று தனியாக நின்றது. கம்பெனியின் உதவி எண்ணில் ஒரே ஒரு முறை ஒரு பெண் கிடைத்தாள்.

"அது அட்வான்ஸாதான் நிக்கும் மேடம். க்ளோஸ் பண்ண ரிக்வெஸ்ட் போடணும்."

"மூணு தடவை போட்டேங்க."

"பெண்டிங்ல காட்டுது மேடம்."

அதன் பிறகு அந்த எண்ணில் பாட்டு மட்டும்தான் கேட்கிறது.

கம்பெனியின் தாம்பரம் கிளைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் என் கையிலிருந்த கோப்பைப் பார்த்ததுமே கேட்டார்.

"லோனாக்கா? காலி பண்ணிகினு போய்ட்டாங்க. எங்கன்னு கேக்காதீங்க, எனக்கே டீ பாக்கி கீது."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். டீ வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாரா என்றுகூட நினைவில்லை.

வீட்டில் கணவர் திட்டவில்லை. "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அழுதிருப்பேனோ என்னவோ. மகளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

நேற்று பாய் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. நானும் கடைக்குச் சரக்கு ஏத்த வண்டி இல்லாம அலையுறேன். மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா அட்வான்ஸ திருப்பிக் குடுத்துடு."

சரிங்க அண்ணா என்றேன். கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை.

வங்கியில் சொல்லித் தவணை பிடிப்பதை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். நிறுத்தினால், பணம் முழுவதையும் கட்டிய பிறகும் தவணை தவறியவள் என்று என் பெயரில் பதிவாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதா, நேராக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதா? கடிதம் இல்லாமல் கட்டிய பணத்தை வைத்துக் கணக்கை முடிக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? இப்படி மாட்டி வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால், முதலில் எதைச் செய்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.