ஷிபு இரண்டாம் முறை சொன்னது

என் தங்கை லிபியின் மாப்பிள்ளை ஷிபு, பாறசாலைக்காரன், விமானம் ஓட்டுகிறவன். பைலட் என்றதும் பெண் கொடுக்க வரிசை நின்றதாகப் பீற்றிக்கொள்வான். நம்ப வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஒன்பது வருடம் அவன் ஓட்டியது ஒரு முந்திரி முதலாளியின் ஆறு சீட் விமானம். முதலாளியின் பெட்டியைத் தூக்கி வைப்பதும் அவன்தான். வானத்து டாக்சி டிரைவர் என்று நான் கேலி செய்வேன்.

முதலாளி பின்னாலிருந்து தோளைத் தட்டுவார். "எறக்குடே, எனக்கு மீட்டிங் உண்டு." மழையோ மேகமோ, ஷிபு "சரி முதலாளி" என்று இறக்கிவிடுவான். இத்தனை வருடம் உயிரோடு இருந்தது அவன் அதிர்ஷ்டம்.

முதலாளி நொடித்துப்போய் விமானத்தை விற்றதும் ஷிபு ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தான். அங்கே வேறு சட்டம். கேப்டன் தவறினால் பக்கத்துச் சீட்டுக்காரன் சொல்ல வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிபுவுக்கு எல்லாம் மனப்பாடம், வாய்தான் திறக்காது. அதற்காகவே ஒருமுறை பரீட்சையில் ஃபெயிலாக்கினார்கள். இன்னொரு முறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து மூன்று ஜூன். சென்னையிலிருந்து திருவனந்தபுரம், அவனுடைய கடைசிப் பரீட்சை. கையெழுத்துப் போட வேண்டியவர் கேப்டன் சற்குணம், நாகர்கோவில்காரர். எதிர்த்துப் பேசினால் பிடிக்காது என்று பெயரெடுத்தவர்.

ஊரை நெருங்கும்போது கடலோரம் முழுக்க மழை. மழையில் நானே இறக்குகிறேன் என்று சற்குணம் ஓட்டினார். ஓடுபாதை விளக்குகள் தெரிந்தே ஆகவேண்டிய உயரம் வந்துவிட்டது. கண்ணாடியில் தண்ணீர் மட்டும்தான்.

"சார், லைட் காணல்ல. கோ அரவுண்ட்."

இறங்காமல் மேலே ஏறுங்கள் என்று அர்த்தம். சற்குணம் பேசவில்லை. விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த மனிதரைப் பகைத்தால் வேலை போயிற்று. சும்மா இருந்தால்? பின்னால் நூற்றுச் சொச்சம் பேர்.

"கோ அரவுண்ட் சார்!" என்று கத்தினான்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டும் லீவரின் மேலிருந்த அவர் கை அசையவில்லை. ஷிபு அந்தக் கையைத் தட்டி விலக்கினான். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி லீவரை முழுக்க முன்னால் தள்ளினான். எஞ்சின் அலறியது. மேகம் ஒரு நொடி விலகியபோது பக்கத்து ஜன்னலில் தென்னை மண்டைகள் தெரிந்தன. அவ்வளவு கீழே வந்திருந்தார்கள்.

கொச்சிக்குத் திருப்பினார்கள். எல்லாம் முடிந்தது, லிபியிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே ஷிபு இறக்கினான். இறக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதற்கு விமானம் என்று ஒரு பயணி வாசலில் மலையாளத்தில் திட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் இறங்கிய பிறகுதான் சற்குணம் பேசினார். "நீ சொன்னது ரெண்டும் கேட்டுது மக்கா. இப்பம் தெரியும், இப்பம் தெரியும்னே கீழ போனேன். இருபது வருசமா எறங்குத எடம்லா."

பரீட்சைத் தாளில் பாஸ் என்று கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு ஆபீஸ்ல கேப்பாவ. நடந்தத அப்படியே சொல்லு. எனக்காக ஒண்ணும் மறைக்காண்டாம்."

"அப்பம் சாருக்கு?"

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றி எழுந்தார்.

ஷிபு உள்ளதை உள்ளபடி சொன்னான். அவனுக்கு வேலை உறுதியானது. சற்குணத்தை ஓட்டுவதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

செய்தி வந்த அன்று லிபி பாயசம் வைத்தாள். நான் பழவங்காடிக் கடைத்தெருவில் லட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஷிபு எதையும் தொடவில்லை.

"என்னடே, இவ்வளவு பாடுபட்டு கெடச்சிருக்கு. ஒரு சந்தோஷம் வேண்டாமா?" என்று கேட்கும்போது எனக்குக் கோபமே வந்தது.

"மச்சான், எனக்கு பாஸ்னு ஒப்பு போட்டுத் தந்த கையாக்கும் அது" என்றான். "நானாக்கும் அதத் தட்டி வெலக்கினது."

சொல்லிவிட்டு, லிபியின் முன்னாலேயே அழுதான்.