எண்பத்தாறு கிலோ

எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் எண்பத்தாறு கிலோ எடையுள்ள ஒரு ஜெனரேட்டர் நான்கு வருடங்கள் நின்றது. அதைத் தெரிவுசெய்தவன் நான். எடையை வாசித்துவிட்டுத்தான் தெரிவுசெய்தேன். "அப்பா பாவம், எனக்கு வெக்கை பிடிக்கக்கூடாது எண்டுதான் பெரிசா வாங்கினவர்" என்று மகள் எத்தனையோ பேரிடம் எனக்காகச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊரில் நான் பௌதிகவியல் படிப்பித்தவன். மொன்றியலுக்கு வந்து பதினான்கு வருடங்கள் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஆனாலும் எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கு நான் மாஸ்டர்தான். வீட்டில் மின்விசிறி சுழலாவிட்டாலும், வாங்கிய அடுப்பு சூடாகாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்கப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

மகள் இங்கே வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் குதிரை லாயம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸும் ரயிலும் ஏறி, தீவின் மேற்குக் கோடிக்குப் போய், சாணம் அள்ளி, வைக்கோல் போட்டுவிட்டு வந்தாள். கூலியாக இரண்டு மணித்தியாலம் சவாரி. வயது போகப் போக விட்டுவிடுவாள் என்று நானும் மனைவியும் நினைத்தோம். விடவில்லை. லொங்குய்யில் ஒரு மிருக வைத்தியசாலையில் உதவியாளராக வேலை கிடைத்தது. இருபத்தைந்து வயதில் சொந்தமாக ஒரு செம்மண் நிறப் பெட்டைக் குதிரை வாங்கினாள். வீடு வாங்க நினைத்தபோது ரொக்ஸ்பரோ என்று சொன்னவளும் அவள்தான். ரயில் நிலையம் கிட்ட என்று நாங்கள் ஊருக்குச் சொன்னோம். கிட்ட இருந்தது லாயம்.

பூசை முடிந்து வெளியே வரும்போது செயின்ட்-மிஷேல் நண்பர் ஒருவர் எப்போதும் கேட்பார்: "என்ன மாஸ்டர், மகளுக்குக் குதிரை பாத்துக் குடுத்திட்டியள். மாப்பிள்ளை எப்ப பாக்கிறதா யோசனை?"

"குதிரை சீதனம் கேக்கேல்லை அங்கிள்" என்பாள் மகள். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள்.

மனைவி இறந்து இரண்டு வருடங்கள் கழித்து, அல்பேர்ட்டாவில் குதிரைகளைப் பழக்கும் ஓர் இடத்திலிருந்து மகளுக்கு நிரந்தரமாக ஒரு வேலை வந்தது. கோடை முழுவதும் மைதானம் மைதானமாகப் போகவேண்டும். தங்குமிடம் அவரவர் பொறுப்பு. அவள் சேமிப்பில் பழைய ட்ரெயிலர் ஒன்று வாங்கினாள். பின்பாதியில் இரண்டு குதிரைகள் நிற்கலாம். முன்பாதி வீடு: ஒரு கட்டில், ஒரு சிறிய அடுப்பு, கை கழுவும் தொட்டி, கூரையில் ஓர் ஏசி. லாயத்தில் நிறுத்தி வைத்து எனக்குக் காட்டினாள். கட்டிலில் இருந்து பார்த்தேன். முழங்கால் எதிரே இருந்த அலுமாரியில் இடித்தது. அவளுக்கு இடிக்கவில்லை. இந்தப் பெட்டிக்குள் என் மகளுக்கு எல்லாம் இருக்கிறது, எனக்கு இருக்க இடமில்லை என்று அப்போது தோன்றியது. வெளியே வந்து நல்ல காற்றை இழுத்துவிட்டு, "வடிவாயிருக்கு" என்றேன்.

"ஜெனரேட்டர் மட்டும்தான் இல்லை அப்பா. மைதானத்திலை கரண்ட் இராது. நீங்கள்தான் பாத்துத் தரவேணும்."

போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படியான சொற்கள் புழங்குவதில்லை. "கவனமாப் போ பிள்ளை", "உடுப்பு கனக்கக் கொண்டு போ" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் அவள் வேலையால் வந்து கதவைத் திறக்கும் சத்தத்துக்கு நான் காத்திருப்பதை அவளிடம் சொன்னதில்லை. மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் இராது. அந்த வீட்டில் ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்திருக்கிறேன், இன்னும் எத்தனை வருடம் இப்படி நடக்கவேண்டும் என்று.

லொங்குய்யில் அவள் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் இயந்திரங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. மெட்ரோவில் தனியாகப் போனேன். கடைக்காரன் நல்ல மனிதன். என் உடைந்த பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டான். யாருக்கு என்று கேட்டான். மகளுக்கு, குதிரை ட்ரெயிலருக்கு, தனியாகப் போகிறாள் என்று உண்மையைத்தான் சொன்னேன். அவன் உடனே ஒரு சிறிய சிவப்புப் பெட்டியைக் கொண்டு வந்து, கைபிடியை என் கையில் தந்தான். இருபத்தொரு கிலோ. அறுபத்தாறு வயதில் ஒரு கையால் தூக்கினேன். கயிற்றை ஒருமுறை இழுத்தான், ஓடியது. அதன் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் கதைக்க முடிந்தது. குதிரைக்குச் சத்தம் கூடாது, முசியே, என்றான்.

ஆனால் அதால் ஏசியைத் தொடக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஏசி ஓடும்போது இழுப்பதைவிடத் தொடங்கும் கணத்தில் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். அதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு இன்னொரு சிவப்புப் பெட்டியை எடுத்து முதலாவதன் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் ஒரு கேபிளால் கொழுவினான். "வெக்கை நாளில் இரண்டு. மற்ற நாளில் ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். ஒரு கைக்கு ஒன்று." தனியாகப் போகிற ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விடை இல்லை. பரீட்சைத்தாளில் யாராவது மாணவன் இதை எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பேன்.

கடையின் மூலையில் இரும்புச் சட்டத்துக்குள் ஒரு பெரிய இயந்திரம் நின்றது. வீடு கட்டுகிறவர்கள் வாங்குவது. எடை எழுதிய அட்டை அதில் தொங்கியது. சட்டத்தின் இரு பக்கமும் கைபிடிகள் இருந்தன. ஆள் இல்லாத இடத்தில் இதை யாரால் இறக்க முடியும் என்று நினைத்தேன். அதை நினைத்தபோது எனக்குள் ஏதோ அமைதியானது.

அன்று பின்னேரம் ஒரு தாளில் கோடு போட்டு மகளுக்கு விளங்கப்படுத்தினேன். ஏசி, மைக்ரோவேவ், பிரிட்ஜ், பற்றரி. எல்லாவற்றையும் கூட்டிக் காட்டினேன். சிறியது காணாது, பெரியது வேணும். தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரி. கேபிள் மட்டும் அதில் இல்லை.

"பாரமோ அப்பா?"

"கொஞ்சம் பாரம்தான். சில்லு இருக்கு. ரெண்டு பேர் பிடிச்சா லேசு."

"நான் தனியத்தானே போறன்."

"அங்கை மனிசரே இல்லையோ? இல்லாட்டி இன்னும் ஒரு வருசம் பாத்து, துணைக்கு ஒராள் கிடைச்சாப் பிறகு போவன்."

பகிடியாகச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் சிரித்தாள். "நீங்கள் சொன்னாச் சரி" என்றாள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அல்பேர்ட்டாவுக்குப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன் ஒத்திகையாக இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருந்த ஒரு போட்டி மைதானத்துக்குப் போனாள். லாயத்தில் மூன்று ஆண்கள் சேர்ந்து ஜெனரேட்டரை அவளுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றிவிட்டார்கள். மைதானத்தில் இறக்க ஆள் இருக்கவில்லை. இருந்தவர்கள் போட்டியில் நின்றார்கள். ஆகவே வண்டியின் மேலேயே வைத்து ஓடவிட்டாள். வண்டியின் இரும்பும் ட்ரெயிலரின் இரும்பும் சேர்ந்து அதிர்ந்தன. குதிரை ட்ரெயிலரின் பக்கத்தில் கட்டப்பட்டு நின்றது. பழகிவிடும் என்று அவள் நினைத்தாள். மத்தியானம் வெக்கை கூடியது. ஏசியைப் போட்டாள். இயந்திரம் ஒரு கணம் திணறிவிட்டு உறுமிக்கொண்டு எழும்பியது. குதிரை பின்னால் பாய்ந்தது, கயிறு அறுந்தது, சறுக்கி விழுந்ததில் முன்கால் ட்ரெயிலரின் படிக்குக் கீழே போய்ச் சிக்கியது.

தொலைபேசியில் அவள் அழவில்லை. வைத்தியசாலையில் கதைப்பதுபோலத்தான் கதைத்தாள். "குதிரைக்குக் கால் போச்சு அப்பா. உயிருக்குப் பயமில்லை. ஆனா இனி ஓடாது. சத்தத்துக்கு வெருண்டிட்டுது." பிறகு, "நான் வீட்டை வாறன்" என்றாள்.

இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை. அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் நான் சந்தோசப்பட்டேன். ஒரு கணம்தான். குதிரை கால் முறிந்து கிடக்க, மகள் தனியாக ஒரு மைதானத்தில் நிற்க, குசினிக்குள் நின்ற எனக்கு, இன்று இரண்டு பேருக்குச் சமைக்கலாம் என்று வந்தது.

குதிரையை ஒரு பண்ணைக்குக் கொடுத்தாள். அல்பேர்ட்டாக்காரர் கொஞ்சம் காத்திருந்தார்கள். "பேந்து பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இலை கொட்டத் தொடங்கியபோது அவர்கள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ட்ரெயிலரை விற்றாள். ஜெனரேட்டரை மட்டும் நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொட்டிலுக்குள் வைத்தோம். வீட்டுக்கு உதவும் என்றாள்.

நான் கேட்டது கிடைத்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் மேசையில் இருந்தபடியே ஒடுங்கிப்போவேன். அவள் குளித்துவிட்டு வந்து, சோறு போட்டுத் தந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பாள். சனிக்கிழமைகளில் லாயத்துக்குப் போவது நின்றது. என்னைத்தான் கடைக்குக் கூட்டிப்போனாள். அவள் வாங்கிய அந்தப் பெட்டி வீட்டைவிட எங்கள் வீடு சிறுத்துப்போனது. வெளியே போகவும் இடமில்லை, உள்ளே அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

அடுத்த வருடம், ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தமிழ்ச் சாமியார் என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். முழுவதையும் சொன்னேன்.

"மாஸ்டர், மெசின் வாங்கினதெல்லாம் பாவமே?"

"மெசினிலை பிழையில்லை ஃபாதர். வாங்கின எண்ணம்."

"பிள்ளையிட்டைச் சொன்னியளோ?"

"இல்லை."

"அப்ப இஞ்சை ஏன் முதல் வந்தனியள்?"

அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுக்கு வந்து மீன் பொரித்தேன். மகளிடம் சொல்லவில்லை. அப்படியே இன்னும் இரண்டு வருடங்கள் போயின.

பிறகு ஒரு மாரியில், ஒரு காலை, எங்கள் பகுதியில் மின்சாரம் நின்றது. மரக்கொப்புகள் பனிக்கட்டியின் பாரத்தில் முறிந்து கம்பிகளில் விழுந்திருந்தன. செயின்ட்-மிஷேல் நண்பர் வீட்டிலும் கரண்ட் இல்லையென்று மனைவியோடு வந்துவிட்டார். பக்கத்து வீட்டு வயோதிப மாது பூனையையும் தூக்கிக்கொண்டு வந்தா. நானும் மகளும் ஜெனரேட்டரைக் கொட்டிலிலிருந்து தூக்கி, யன்னல்களுக்குத் தள்ளி முற்றத்தில் வைத்து ஓடவிட்டோம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் வேலை செய்தது. தேத்தண்ணி கொதித்தது.

"மாஸ்டர் அண்டைக்கே கணக்குப் பாத்துத்தான் வாங்கியிருக்கிறார்" என்றார் நண்பர், சோற்றைப் பிசைந்தபடி. "குதிரை போனா என்ன, வீடு வெளிச்சம்."

அவர் மனைவி அவரை இடித்தா. மகள் குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிமிர்ந்து, "ஓம் அங்கிள், சின்னன் வாங்கியிருந்தா இண்டைக்கு எல்லாரும் விறைச்சிருப்பம். அப்பாவுக்குத்தான் தாங்ஸ் சொல்லவேணும்" என்றாள். பக்கத்து வீட்டு மாதுக்கு அதைப் பிரெஞ்சிலும் சொன்னாள். அந்த மாது என் கையைப் பிடித்து மெர்சி, மெர்சி என்றா.

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்தது. எல்லோரும் போனார்கள். நானும் மகளும் ஜெனரேட்டரைத் திருப்பிக் கொண்டுபோகப் போனோம். பனிக்குள் சில்லு உருளாது. ஆளுக்கொரு கைபிடியைப் பிடித்து, பத்தடிக்கு ஒருக்கால் வைத்து, மூச்சு வாங்கி, பிறகும் தூக்கினோம். பாதி வழியில் சொன்னேன்.

"பிள்ளை, இதை விடச் சின்னன் ரெண்டு இருந்தது. ரெண்டையும் கொழுவினா ஏசியும் ஓடும். கடைக்காரன் காட்டினவன். நான் உனக்குச் சொல்லேல்லை."

அவள் விளங்காமல் பார்த்தாள். "மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை. உன்னாலை தனிய இறக்கேலாது எண்டு தெரிஞ்சுதான் இதை வாங்கினனான். நீ போகக்கூடாது எண்டு."

கொப்பிலிருந்து ஒரு பனிக்கட்டி விழுந்து உடைந்தது.

"அது என்ன பாரம், சின்னன்?"

"இருபத்தொரு கிலோ."

"ஒரு கையாலை தூக்கியிருப்பன்" என்றாள்.

கைபிடியை விட்டாள். தன் பக்கத்தைப் பனிக்குள் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். நான் அங்கேயே நின்றேன். என் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் எழும்பியது, மற்றப் பக்கம் இன்னும் ஆழமாகப் புதைந்தது. உள்ளே போகத் துணிவில்லை. விட்டுவிட்டு வேறெங்காவது போகவும் முடியவில்லை. பக்கத்து வீட்டு மாது யன்னலால் கை காட்டினா. நானும் காட்டினேன். விரல்கள் மரத்துப்போகும்வரை அந்த இயந்திரத்தோடு நின்றேன்.

கதவு திறந்தது. கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் குனிந்து கைபிடியைப் பிடித்தாள்.

"உங்கடை பக்கத்தைத் தூக்குங்கோ."

தூக்கினேன். நடுவில் எங்கேயும் வைக்கவில்லை. கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தபிறகு, கதவடியில் நின்று கேட்டாள்:

"வேறை ஏதும் இருக்கோ அப்பா, இப்பிடி?"

"இல்லை" என்றேன். அது உண்மை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பழைய தாளில் எங்கே பிழை என்று தேடுகிறவளைப்போல. பிறகு கொட்டிலைப் பூட்டி, எப்போதும் ஆணியில் கொழுவிவிடும் திறப்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து போனாள்.