வேற வரவு எதுனா உண்டா?

ஆடிட்டர் ஏகாம்பரம் சார் போய்விட்டார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் சொன்னார்கள்... தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்கு மூன்று ரூம் வாடகைக்கு விடுகிறவள். பெரிய கணக்கெல்லாம் கிடையாது. ஆனாலும் ஜூலை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு, பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் அவர் ஆபீசுக்குப் போய்விடுவேன். இன்கம்டாக்ஸ் போட.

முதல் தடவை போனபோது வீட்டுக்காரர் என்னோடு கோபித்துக்கொண்டு பெங்களூர் போயிருந்த சமயம். ரூம் வாடகை, பேங்க் வட்டி எல்லாம் எழுதிக்கொண்ட சார் தலையைத் தூக்காமல் கேட்டார். "வேற வரவு எதுனா உண்டாம்மா?"

நான் என்ன நினைப்பில் இருந்தேனோ... "இன்னும் வரலை சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அவர் கேட்டது பணத்தை. சார் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

வீட்டுக்காரர் அப்புறம் வரவே இல்லை. அது பழகிவிட்டது. சாரின் கேள்வி மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வந்தது. "வேற வரவு?" என்பார், லேசாகச் சிரித்துக்கொண்டு. ஃபாரின்காரங்கதான் சார் வராங்க என்பேன்.

ஒரு வருஷம் பாதியில் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் அணைந்து, ஃபேன் நின்று... மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. காலமான தன் மனைவி வைக்கும் கீரைக் கடைசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடுநடுவே, இப்ப வந்துடும், இப்ப வந்துடும் என்று எனக்குச் சமாதானம் வேறு.

வர வேண்டாம் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

சென்னையில் இருக்கும் என் மகளுக்கு இதெல்லாம் புரியாது. எதுக்கும்மா ஆடிட்டர், நீயே ஆன்லைனில் போடலாமே, ஃபீஸ் தண்டம் என்பாள். நான் இஸ்திரி போட்ட புடவை கட்டுவதைப் பார்த்துவிட்டால் போச்சு. "டாக்ஸ் கட்டப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

போன வருஷம் சாரிடமே கேட்டுவிட்டேன், நானே போட்டால் தப்பு வருமா என்று.

ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னார். "தப்பெல்லாம் வராதுங்க. உங்க கணக்கு சின்னது. இதுக்கு நான் தேவையே இல்ல."

அம்மா போட்டுக் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். எழுந்து கதவு வரைக்கும் போன பிறகு பின்னாலிருந்து அவர் குரல்.

"கணக்கை நீங்களே போட்டுக்குங்க. ஆனா வருஷத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போங்க."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரிடம் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன், இருக்கட்டும்...

இந்த ஜூலைக்கு மகள் பாஸ்வேர்டெல்லாம் போட்டுத் தயாராகக் கொடுத்திருந்தாள். நானே போடுவதா, சாரிடம் போவதா என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலையட்டும், திங்கட்கிழமை சாரிடமே போகலாம் என்று முடிவு பண்ணினேன். புடவைகூட இஸ்திரி ஆகி வந்துவிட்டது.

இன்றைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாலை போட்டேன். ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசிலிருந்து கிளம்பும்போதெல்லாம் "வரேன் சார்" என்பேன். "வாங்க" என்பார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே... பேசாமல் வந்துவிட்டேன்.

அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வரேன் சார்.