எண்ணுக்குக் கீழே ஒரு கோடு

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு தலையணை உறை இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளை. இப்போது அதன் நிறத்துக்குப் பெயர் கிடையாது. மூலையில் சிவப்பு நூலில் செங்குத்தாக ஒரு கோடு, அதன் அடியில் படுக்கைவசமாக இன்னொன்று. போன மாதம் பீரோவை ஒழித்தபோது என் மகள் அதை விரித்துப் பார்த்து, "என்னம்மா இது, டி-யைத் தலைகீழா தச்சு வச்சிருக்கு? யாரு இனிஷியல்?" என்றாள். எங்கள் குடும்பத்தில் டி-யில் தொடங்கும் பெயர் யாருக்கும் இல்லை. "உன் அம்மாச்சி தச்சது" என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்தேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டுமானால் கொடைக்கானலுக்கு ஏற வேண்டும். எனக்கு மூட்டுவலி, எழுதித்தான் ஏற முடியும்.

எழுபதுகளில் அம்மா அங்கே ஒரு மிஷன் பள்ளி விடுதியின் துணி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றுச் சொச்சம் பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்திக்கும் ஓர் எண். அந்த எண்ணைத் துணிப் பட்டையில் சிவப்பு நூலால் தைத்து, அந்தப் பட்டையைச் சட்டை, ஸ்வெட்டர், உள்பாவாடை, காலுறை என்று எல்லாவற்றிலும் வைத்துத் தைக்க வேண்டும். துவைத்து வந்ததை எண் பார்த்து மடித்து, அந்தந்தப் பிள்ளையின் பெட்டியில் வைக்க வேண்டும். நடுவில் உலர்த்துவது என்றொரு கட்டம் உண்டு. மற்ற ஊர்களில் மேகம் வானத்தில் இருக்கும். எங்கள் ஊரில் துணிக்கொடியில் இருக்கும். மழைக்காலத்தில் ஓர் அறைக்குள் கொடி கட்டி, தைல மர விறகை எரித்துக் காயவைப்பார்கள். அந்தப் பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் புகைவாசனையோடுதான் வாழ்க்கையில் முன்னேறினார்கள்.

69 தலைகீழானால் 96. 68 புரண்டால் 89. பட்டை சின்னது, மேல் எது, கீழ் எது என்று அதற்கே தெரியாது. கொடைக்கானலுக்கு மேலே உள்ள போளூரில் பூண்டு உரித்து வளர்ந்து, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அம்மா, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு கோடு. "கோடுதான் தரை. நம்பரு தரையிலதான நிக்கணும்?" என்பாள். 47 எப்படிப் புரண்டாலும் வேறு எண் ஆகாதே, அதற்கு எதற்குக் கோடு என்று ஒருமுறை என் அறிவைக் காட்டினேன். "ஏன், அதுக்கு மட்டும் தரை வேண்டாமா? சோலியப் பாருடி" என்றாள்.

அப்பா ஒரு ஹோட்டலில் சமையல்காரர். சீசனில் சமைப்பார், மற்ற மாதங்களில் அபிப்பிராயம் சொல்வார். எனவே வீடு அம்மாவின் வேலையில்தான் ஓடியது. வெள்ளனே எழுந்து உலை வைத்துவிட்டு, என்னையும் எழுப்பிவிட்டு, மூடுபனிக்குள் முக்காடு போட்டபடி நடந்து மறைவாள். நான் பிளஸ் டூவில் இருந்தேன். மதுரையில் காலேஜ், ஹாஸ்டல் எல்லாம் அம்மாவே முடிவு செய்திருந்தாள். சீட்டுக்குக் கடிதம் கொடுப்பதாக விடுதி சிஸ்டரும் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம்தான் அது நடந்தது. ஞாயிறு மாலைகளில் விடுதிப் பிள்ளைகள் வரிசையாக ஏரியைச் சுற்றி வருவார்கள். அன்று 69, மூன்றாம் வகுப்புக் குட்டி, முழங்காலைத் தாண்டித் தொங்கும் ஸ்வெட்டரில் தடுக்கித் தடுக்கி வந்தது. வரிசையின் கடைசியில் 96, பத்தாம் வகுப்புப் பெண், முழங்கையோடு முடிந்துபோன ஸ்வெட்டரில் மூச்சுவிட முடியாமல் வந்தாள். விடுதிப் பிள்ளைகள் எண்ணுக்குக் கட்டுப்பட்டவர்கள். பெட்டியில் இருந்தால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். படகுக்கு நின்றிருந்த டூரிஸ்டுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் சிஸ்டர் அம்மாவிடம், "உங்க கோடு எங்கம்மா போச்சு?" என்று கேட்டாராம். "நூலு தீந்துபோச்சுங்க சிஸ்டர்" என்றாளாம் அம்மா. அன்று மாலை வீட்டில் பட்டைகளோடு உட்கார்ந்து, ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். "நீ கோத்துக் குடு. எனக்குக் கை ஈரமாக் கெடக்கு." ஒரு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக நானும் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த துப்பறியும் நாவல்களில் நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுகிறவள் நான். என் கண்ணெதிரே ஒருத்திக்குக் கண் போய்க்கொண்டிருந்தது தெரியவில்லை. அன்றுதான் அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

"கண்ணாடி போட்டாத்தான் என்னம்மா?"

"போட்டா நாளைக்கே கல்லுக்குப் போகச் சொல்லிருவாக."

கல் என்பது துவைகல். அம்மாவுக்கு முன்பு துணி அறையில் இருந்த அக்கா, கண்ணாடியோடு வந்து நின்ற மாதமே அங்கே மாற்றப்பட்டார். மார்கழித் தண்ணீரில் அவர் விரல்கள் வெடித்ததை அம்மா பார்த்திருந்தாள். "நீ மதுரைக்குப் போறமட்டும் இந்த அறையில இருந்துட்டாப் போதும்" என்றாள்.

அன்று முதல் பட்டைகள் கூடைக்குள் ஒளிந்து வீட்டுக்கு வந்தன, நான் தைத்தேன். என் 8 பூசணிக்காய் போலவும், 3 வாயு பிடித்தவர் போலவும் இருந்தன. என் தரைகள் எல்லாம் மலைச்சரிவுகள். ஆனாலும் எவளும் எவள் ஸ்வெட்டரையும் போடவில்லை. பரீட்சை முடிந்தது. சிஸ்டரின் கடிதமும் வந்தது. அப்போது எனக்கு ஒரு தியாகம் உதித்தது. படித்த புத்தகங்களின் கோளாறு.

"நான் மதுரைக்குப் போகலம்மா. போனா உனக்கு யாரு தைப்பா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. "வாயக் கழுவு" என்றாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போன கையோடு நேராக சிஸ்டர் முன்னால் போய் நின்று, தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் தங்குவதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவளே எடுத்துவிட்டாள். சிஸ்டர் சொன்னதாக அம்மா சொன்னது: "ரொம்ப நாளாத் தெரியும்மா. உங்க கோடு நேரா இருக்கும். இது கோணிக்கிட்டுப் போச்சு. பிள்ளை போறவரைக்கும் பேச வேண்டாம்னு இருந்தேன்." நல்ல மனுஷி. ஆனால் விடுதிக்கு விதி என்று ஒன்று இருந்தது. ஜூனில் நான் பஸ் ஏறினேன். அம்மா துவைகல்லுக்குப் போனாள்.

முதல் டிசம்பரில், அம்மா சொல்லச் சொல்ல அப்பா கையால் எழுதி ஒரு கடிதம் வந்தது. "தண்ணி அவ்வளவு குளுரா இல்லை. நல்லாப் படி." கொடைக்கானலில் பிறந்து பதினேழு வருஷம் அந்தத் தண்ணீரில் குளித்தவள் நான். அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. என்னைப் பற்றி நான் வேடிக்கையாக எழுத முடியாத வரி இது ஒன்றுதான்.

இரண்டு மழைக்காலம் அவள் கல்லில் நின்றாள். அதற்குள் துணி அறையில் 68-ம் 89-ம் பலமுறை துணி மாற்றிக்கொண்டுவிட்டார்கள். கோட்டின் கணக்கு புதிதாக வந்தவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியோடு அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் அதை வெற்றியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. "உள்ள கதகதன்னு இருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு மகள் பிறந்தபோது மதுரைக்கு வந்தாள். சித்திரை வெயிலில் அந்தச் சிசுவுக்கு இரண்டு கம்பளி ஸ்வெட்டர்! "மலைக்கு வரும்ல" என்று சமாதானம். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு, மூக்கில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதன் சட்டை ஒவ்வொன்றிலும் 2 என்று தைத்தாள். அழகாக வளைந்த 2. அடியில் நேரான தரை. வீட்டில் இருப்பதே ஒரு குழந்தை, யாரோடு மாறிப்போகும் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் கொஞ்சம் அறிவு வந்திருந்தது.

ஒன்று யார் என்பதற்குத்தான் இந்தத் தலையணை உறை. மதுரை ஹாஸ்டலில் எண் கேட்கவில்லை. எண் இல்லாமல் ஒரு பிள்ளையை விடுதிக்கு அனுப்ப அம்மாவுக்குத் தெரியவில்லை. கண்ணாடி வருவதற்கு முன், விரலால் தடவித் தடவித் தானே தைத்தாள். "எதுக்கும்மா ஒண்ணு?" என்று கேட்டேன். அவளுக்கு முதலாவது நான்தான் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "அதுதான் சுளுவு. ஒரே கோடு. கண்ணு வேண்டாம்" என்றாள். அதற்கும் அடியில் தரை போட்டிருந்தாள்.

நேற்று பார்த்தால் உறையின் ஓரம் பிரிந்திருந்தது. மகள் பக்கத்தில் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ஊசியையும் சிவப்பு நூலையும் அவளிடம் நீட்டினேன்.

"கொஞ்சம் கோத்துக் குடு. கை ஈரமா இருக்கு."

அவள் நூலை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"காஞ்சுதாம்மா இருக்கு. கண்ணாடி எங்க வச்ச?"