மஞ்சள் போட்டுக் கழுவின எலி

எலி வித்துப் பிழைக்கிறவன் நான். சிட்னியில, பெண்டில் ஹில் பக்கம் ஒரு பிராணிக் கடை. அதுல பாம்பும் பல்லியும் என் பொறுப்பு. மனைவிக்கு ஐ.டி. வேலை, எனக்குப் பாம்பு வேலை. ஊர்ல கேட்டா "பெட் கேர்"னு பொத்தாம் பொதுவா சொல்லி வச்சிருக்கேன். கவுன்டருக்குப் பின்னால நின்னுக்கிட்டு, வித்த பொருளுக்கு ஆயுசு பூரா பதில் சொல்லித் தேயுற என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். மிக்ஸி வித்தவனுக்கு கியாரண்டி முடிஞ்சா தலைவலி முடிஞ்சுது. மலைப்பாம்பு இருபது வருஷம் இருக்கும்.

வர்றவங்கள்ல பாதிப் பேர் வீடியோவுல பார்த்த ஆப்பிரிக்க 'பால் பைதன்' மலைப்பாம்பைத்தான் கேப்பாங்க. வெளிநாட்டுப் பாம்பு இங்க வளர்க்கக் கூடாது, இந்த மண்ணு மலைப்பாம்புதான், அதுக்கும் லைசென்ஸ் வேணும்னு சொன்னா மூஞ்சி தொங்கிரும். அவங்களையெல்லாம் சமாளிச்சுட்டேன். கிரவீன்ல இருந்து வர்ற மெர்சி ஆன்ட்டி ஒருத்தர்கிட்டதான் என் பாச்சா பலிக்கல.

சாப்பிடாத முறுக்கு

ஆன்ட்டி மன்னார்க்காரங்க. அறுபது வயசு, தனியா இருக்காங்க. மகன் ரோஷன் மெல்பர்ன்ல, மல்கிரேவ் பக்கம் வேலை கிடைச்சுப் போயிட்டான். போற பிள்ளை டிவியைக் கொண்டு போனான், சோபாவைக் கொண்டு போனான், மலைப்பாம்பை மட்டும் அம்மாகிட்ட விட்டுட்டுப் போயிட்டான். புது வீட்டுக்காரர் பாம்புக்கு ஒத்துக்கலையாம். எப்பவும் சுருண்டே கிடக்குறதால அதுக்குப் பேரு முறுக்கு. ஒரு மீட்டர் நீளம், சரியான பயந்தாங்கொள்ளி. கதவு சாத்துற சத்தம் கேட்டாலே தலையை உள்ள இழுத்துக்கும்.

அது சாப்பிட மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டு கடைக்கு வந்தாங்க. "வேலியில போற ஓணானை ஏன் ஆன்ட்டி மடியில கட்டிக்கிறீங்க? யார்கிட்டயாவது குடுத்துடுங்களேன்"னேன். ஆன்ட்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு. மெல்பர்ன் போன புதுசுல பையன் ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்காதான் பேசுவானாம். முறுக்கு சாப்பாட்டை நிறுத்தினதுல இருந்து தினமும் சாயங்காலம் டாண்ணு கூப்பிடுறானாம். இந்த மாசமும் சாப்பிடலைன்னா தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட குடுத்துடப் போறதா சொல்லியிருக்கான். ஆன்ட்டி சொன்னாங்க: "பாம்பு போச்செண்டா அவன் எனக்கு என்னத்துக்குத் தம்பி கோல் எடுக்கப் போறான்?"

முறுக்கு தரிசனம்

அடுத்த தடவை முறுக்கையே பெட்டியோட கொண்டு வந்தாங்க. எப்படித் தூக்குறீங்க, காட்டுங்கன்னேன். பையில இருந்து மகனோட கையுறையை எடுத்து மாட்டி, "அந்தோனியாரே" ன்னு கண்ணை மூடிக்கிட்டு, மேல இருந்து கையை விட்டு வால் நுனியைப் பிடிச்சுத் தூக்கினாங்க. முறுக்கு விடைச்சுக்கிட்டு சீறிச்சு. மேல இருந்து கை வந்தா அது பருந்துன்னுதான் நினைக்கும் ஆன்ட்டி, பக்கவாட்டுல இருந்து மெதுவா வாங்க, நடு உடம்பை ரெண்டு கையாலயும் தாங்குங்கன்னு சொல்லிக் குடுத்தேன். பாவம், கத்துக்கிட்டாங்க. கையுறையைக் கழட்டிட்டு ரெண்டே நிமிஷம் வச்சிருந்தாங்க. வேர்த்துக் கொட்டிருச்சு.

அப்புறம்தான் வாய் தவறி ஒரு விஷயத்தைச் சொன்னாங்க. வாரா வாரம் வீட்டுல ஜெபக் கூட்டம். முடிஞ்சதும் எல்லாருக்கும் தேத்தண்ணி, ரோல்ஸ், அதுக்கப்புறம் முறுக்கு தரிசனம். ஒளிஞ்சு கிடக்குற ஜீவனை இழுத்து வெளிய போட்டு, ஆளாளுக்கு போட்டோ! எனக்கு வந்ததே கோவம். உங்களை ஒரு கூட்டம் படுக்கையில இருந்து இழுத்துப் போட்டா உங்களுக்குச் சோறு இறங்குமா, இனி யாருக்கும் காட்டக் கூடாதுன்னு கத்தியே விட்டேன். ஆன்ட்டி அசரல: "வந்த சனத்துக்குக் காட்டாட்டி, ஒளிச்சு வச்சிருக்கிறா எண்டெல்லோ கதைப்பினம்?"

எத்தனை ஆன்ட்டி

காட்டுறதை நிறுத்தினாங்க. பெட்டியை இருட்டு மூலைக்கு மாத்தினாங்க. சூடு சரியா இருக்கு. அப்பவும் சாப்பிடல. தோல் உரிக்கிற நேரத்துல பாம்பு சாப்பிடாது, ஆனா இது அந்த நேரமும் இல்ல. முதுகெலும்பு லேசா தெரிய ஆரம்பிச்சிருச்சு. ஆன்ட்டி ஒரு நாளைக்கு நாலு போன். ஒரு வெள்ளைக்காரன் மூணு பல்லியைப் பார்த்து விலை பேசிட்டிருக்கும்போது, போன்ல, "தம்பி, முறுக்கு கொட்டாவி விட்டவன், அது நல்லதோ?"

எங்க முதலாளி டேவுக்குப் பொறுமை போயிருச்சு. நான் ஆன்ட்டி ஆன்ட்டின்னு கூப்பிடுறதைக் கேட்டு, நிஜமாவே எங்க அம்மாவோட தங்கச்சின்னு நம்பிட்டிருந்தார். அடுத்த வாரம் இன்னொருத்தங்களை நான் ஆன்ட்டின்னதும் மனுஷனுக்குத் தலை சுத்திருச்சு. கடை வேன் சாவியைத் தூக்கி என் பக்கம் போட்டார்: "மேட், உனக்கு எத்தனை ஆன்ட்டின்னு நான் கேக்கல, இந்த ஆன்ட்டி வீட்டுக்கு மட்டும் நேர்ல போய் முடிச்சுட்டு வா."

குசினியில் கண்டது

போனேன். "எலியை எப்படிக் குடுக்கிறீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்"னு சொல்லிட்டு அவங்க குசினியில, அதான் சமையலறையில, ஒரு நாற்காலியில உக்காந்தேன். பாம்புத் தீனிக்குன்னு நான் வித்த, உறைய வச்ச எலியை ஆன்ட்டி ஃப்ரீசர்ல இருந்து எடுத்தாங்க. ஐஸ் விட வச்சாங்க. அதுவரைக்கும் சரி. அப்புறம் அதை ஒரு சட்டியில போட்டாங்க. மஞ்சள் தூள் போட்டாங்க. உப்புப் போட்டாங்க. தேசிக்காயை, அதான் எலுமிச்சையை, நறுக்கிப் பிழிஞ்சு, கோழியைக் கழுவுற மாதிரியே மூணு தண்ணியில அலசி எடுத்தாங்க. ஐயோ, ஐயோ!

கொடுத்த வாக்கு காத்துல போச்சு. "ஆன்ட்டி! பாம்பு மோப்பத்துலதான் இரை தேடும்! எலி எலியா நாறணும்! இது ரசம் மாதிரி மணக்குது, பாவம் அது எப்படித் திங்கும்? இதை ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" குசினியே அதிர்ந்துச்சு. ஆன்ட்டி சட்டியைக் கையில வச்சுக்கிட்டு, நான்தான் நாகரிகம் தெரியாதவன்கிற மாதிரி பார்த்தாங்க: "இறைச்சி எண்டா கழுவுறதுதானே தம்பி, இதையும் ஒருத்தர் சொல்லிக் குடுக்கோணுமோ?"

மிச்சம்

நான் கொண்டு போயிருந்த எலியைக் கழுவாம, பையோட வெந்நீர்ல போட்டுச் சூடாக்கினேன். இடுக்கியை ஆன்ட்டி கையிலயே குடுத்தேன். முறுக்கு தலையை நீட்டுச்சு, நாக்கை நீட்டி நீட்டி மோந்துச்சு. அடுத்த கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள லபக்! சுத்தி வளைச்சு, நிதானமா, வால் வரைக்கும் முழுங்கிருச்சு. ஆன்ட்டி என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க.

அப்பதான் போன் அடிச்சுது. ரோஷன். ஸ்பீக்கர்ல போட்டு, "சாப்பிட்டிட்டான் அப்பு!" ன்னு கூவினாங்க. "சூப்பர் அம்மா! அப்ப இனி டெய்லி கோல் எடுத்து உங்களுக்குக் கரைச்சல் குடுக்கத் தேவையில்லை"ன்னான் அவன். ஆன்ட்டி முகம் அப்படியே செத்துப் போச்சு. என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "பாதிதான் அப்பு சாப்பிட்டவன். மிச்சம் அப்பிடியே கிடக்கு."

எலியைப் பாதி தின்னுட்டு மீதி வச்ச மலைப்பாம்பு உலகத்துல கிடையாது. சின்னதுல இருந்து அதை வளர்த்த ரோஷனுக்குத் தெரியாததா? ஆனாலும் மெதுவா சொன்னான்: "சரியம்மா, அப்ப நான் நாளைக்கும் எடுக்கிறன்."

இப்ப முறுக்கு கொழுகொழுன்னு இருக்கு, ஆனா மகன்கிட்ட இன்னைக்கு அதுக்கு என்ன சீக்குன்னு சொல்றதுன்னு ஆன்ட்டி தினமும் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கேக்குறாங்க, நானும் ஒரு நல்ல பாம்புக்கு நாளொரு வியாதி கண்டுபிடிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்.