உடையார்கட்டில் நின்ற புள்ளி

போன வெள்ளிக்கிழமை மகன் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தான். ஏறும்போதே தன் போனிலிருந்து என் போனுக்கு ஒரு வரைபடத்தை அனுப்பிவிட்டான். அதில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. எங்கே வருகிறாய் என்று நான் பத்துத் தரம் எடுத்துக் கேட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாதாம். சரியென்று கத்தரிக்காயை அடுப்பில் வைத்துவிட்டுப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மதவாச்சியில் நின்றது. வெகுநேரம் நின்றது. பஸ் பழுதாகிவிட்டதோ என்று யோசிக்கும்போது கேற் திறந்த சத்தம் கேட்டது. மகன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான். போனில் அவன் இன்னும் மதவாச்சியில்தான் நின்றான்.

“போன் பற்றறி முடிஞ்சுதம்மா” என்றான். சிரித்திருக்கலாம். அதற்குள் கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

அடிப்பிடித்த சட்டியின் மணத்துக்கும், ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டுகிற சோல்டர் புகையின் மணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எனக்கு அன்று குசினியில் சோல்டர்தான் மணத்தது. அந்த மணத்தை நான் முதன்முதலில் கண்டது கிளிநொச்சியில், சமாதான காலத்தில். சண்டையில் மூடிக் கிடந்த வன்னிப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மிதிவெடி அகற்றுகிற ஒரு நிறுவனத்தில் எனக்கு றேடியோ அறையில் வேலை. வவுனியாப் பிள்ளை, இங்கிலிஷ் கொஞ்சம் தெரியும், குரல் சத்தமாக இருக்கிறது என்று எடுத்தார்கள். மூன்றாவது தகுதியை வீட்டில் ஒருவரும் தகுதியாக நினைத்ததில்லை.

வேலை இதுதான். வெளியே போன வாகனங்களை அரைமணிக்கு ஒருதரம் கூப்பிட்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கவேண்டும். அவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதவேண்டும். கொப்பியில் மூன்று நிரல்கள்: இடம், நேரம், வந்து சேர்ந்தது. மூன்றாவது நிரலை, போனவர் தன் சொந்தக் குரலில் ‘வந்திட்டன்’ என்று சொன்னால் மட்டுமே நிரப்பலாம். அவரைக் கண்டேன், இவரைக் கண்டேன் என்று அடுத்தவர் சொன்னால் எடுபடாது.

இந்த விசயத்தில் வவுனியா அலுவலகத்தின் றேடியோக்காரர் ரிஸ்வி நானா இன்னும் கடுமை. யாராவது இடத்தை மட்டும் சொல்லி நேரத்தைச் சொல்லாவிட்டால், அவருக்கு அது காதில் ஏறாது. “நேரம் இல்லாட்டி அது இடமில்லை தங்கச்சி, வெறும் கதை” என்பார். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலும், பன்னிரண்டு நாற்பதுக்குப் புட்டு என்றுதான் பதில் வரும். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கலியாணம் கட்டிய புதிதில் என் மனுசன் இதற்காக என்னை வேண்டிய மட்டும் நக்கலடித்திருக்கிறார்.

அப்போதுதான் மிக்கோ வந்தார். பின்லாந்துக்காரர். எங்கள் றேடியோக்களைப் பராமரிக்க வந்தவர், ஆனால் றேடியோ அவருக்கு வேலையல்ல, வருத்தம், மாறாத நோய். ஊரில் வீட்டுக்கூரையில் கம்பி கட்டி, முன்பின் தெரியாத நாடுகளோடு கதைப்பாராம். அவரைப் போல உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். அதில் ஒரு கூட்டம் கதைப்பதுகூட இல்லை. ஜி.பி.எஸ் கருவியைச் சின்னப் பெட்டியொன்றோடு பூட்டி, அதை றேடியோவோடு பூட்டிவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் றேடியோ ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் நிற்கிற இடம் இருக்கும். கேட்கிறவரின் கணினி அதைப் பிரித்து வரைபடத்தில் புள்ளியாகப் போடும். யார் கேட்டார்கள் என்றுகூடத் தெரியாதாம். நான் இங்கே நிற்கிறேன் என்று சும்மா சொல்லிக்கொண்டே போவார்களாம்.

எங்களுக்கு இது விளங்கவே இல்லை. நிற்கிற இடத்தை மறைத்துத்தான் எங்கள் ஆட்கள் அதுவரை உயிரோடு இருந்தார்கள். லாம்பு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று சாக்குக் கட்டி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பொழுதுபோக்குக்காக ஒருவன் தன் இடத்தை ஆகாயத்தில் சொல்லுவானா? சாரதி யோகண்ணை மிக்கோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் இரகசியமாகக் கேட்டார். “உவருக்கு வீட்டில தேட ஆக்கள் இல்லையோ?”

யோகண்ணைக்குச் சொந்த ஊர் உடையார்கட்டு. சாரதியாவதற்கு முன்னர் புதுக்குடியிருப்பில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்கவைத்தவர்களில் அவரும் ஒருவர். அதனால் மிக்கோவைச் சந்தேகமாகப் பார்த்தாலும் பெட்டியைப் பார்த்ததும் ஆள் கவிழ்ந்துவிட்டார். அரசாங்கம், இயக்கம் என்று இரண்டு பக்கமும் அனுமதி எழுதி வாங்க நாலு மாதம் போனது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலக விறாந்தையில் மிக்கோ, யோகண்ணை, வாராந்த வாகனத்தில் வவுனியாவிலிருந்து வந்த ரிஸ்வி நானா, நான் என்று நாலு பேர் குந்தியிருந்து பெட்டி செய்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிதான் உறை. சோல்டர் புகை கண்ணைக் கரிக்கும். சம்பளமில்லாத வேலை. நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று மிக்கோ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமில்லை.

முதல் பெட்டியை யோகண்ணையின் பிக்கப்பில் பூட்டி அனுப்பினோம். அவர் முறிகண்டிப் பக்கம் போயிருந்தார். நாங்கள் கணினியைச் சுற்றி நின்றோம். புள்ளி வந்தது. அது இரணைமடுக் குளத்தின் நட்டநடுவில் நின்றது. மிக்கோ முகம் சிவந்துபோய், தான் கொண்டுவந்த வரைபடம் பழையது, அதுதான் சரியாகப் பொருந்தவில்லை என்றார். அதற்குள் நான் றேடியோவில் கேட்டுவிட்டேன், அண்ணை குளத்துக்குள்ளையோ நிக்கிறியள் என்று. அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சலோடு, “பிள்ளை, நான் முறிகண்டியில கச்சான் கடலை வாங்கிறன். நேரம் பத்து அஞ்சு” என்றார்.

அந்தப் பகிடி வருடக்கணக்காக ஓடியது. பெட்டி அனுப்புகிற செய்தியோடு சின்னதாக ஒரு வசனமும் சேர்த்துவிடலாம். அந்த உலகத்து ஆட்கள் தங்கள் பெயரையோ ஊரையோ போடுவார்களாம். பெட்டிக்குத் தமிழ் தெரியாது என்றபடியால் யோகண்ணை இங்கிலிஷ் எழுத்தில் ‘குளத்தில் இல்லை’ என்று போடச் சொன்னார். பிறகு எங்கே போனாலும் அவரது புள்ளிக்குப் பக்கத்தில் அது நிற்கும். மாங்குளம், குளத்தில் இல்லை. ஒட்டுசுட்டான், குளத்தில் இல்லை.

முல்லைத்தீவுக்குப் பக்கத்தில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோதும் பெட்டியோடுதான் போனார். அன்று வவுனியாவிலிருந்த ரிஸ்வி நானா அவரிடம் ஒரு உதவி கேட்டார். ரிஸ்வி நானாவின் குடும்பம் முல்லைத்தீவுக்காரர். அவர் பள்ளிக்கூடப் பெடியனாக இருந்தபோது முஸ்லிம் சனம் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னது, உடுத்த உடுப்போடு போனார்கள். பாதை திறந்த பிறகு ஆட்கள் போய்ப் பார்க்கத் தொடங்கியும் அவரது உம்மா அவரை விடவில்லை. அவர் கேட்டதெல்லாம், திரும்பும்போது தங்கள் பழைய வீட்டு வளவு வாசலில் பிக்கப்பைப் பத்து நிமிடம் நிறுத்த முடியுமா என்பதுதான். யோகண்ணை வழி கேட்டுக் கேட்டுப் போய், எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றார். புள்ளி வந்தது. வவுனியாத் திரையில் அதைப் பார்த்துவிட்டு றேடியோவில் ரிஸ்வி நானா, “ஓம். அதுதான்” என்றார். பிறகு வழக்கம்போல நேரத்தைச் சொன்னார். யோகண்ணை பத்து நிமிடத்துக்குப் பதிலாக அரைமணித்தியாலம் நின்றிருக்கிறார். கொப்பியில் இருந்தது.

மிக்கோ ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார். சண்டை திரும்பத் தொடங்கியது. பெட்டிகளைக் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. கழற்றினோம், யோகண்ணையின் பிக்கப்பில் இருந்ததைத் தவிர. அது எப்படித் தவறியது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் அதை இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு, கழற்றியாயிற்று என்று கையொப்பம் வைத்தார். நான் அதற்குச் சாட்சிக் கையொப்பம் வைத்தேன்.

இரண்டாயிரத்து எட்டு புரட்டாதியில் நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். என் அடையாள அட்டையில் வவுனியா முகவரி. வெளியேற இயக்கத்தின் பாஸ் எனக்குக் கிடைத்தது. வன்னி முகவரிக்காரருக்கு இல்லை. மிஞ்சிய சாமான்களையும் பிக்கப்பையும் யோகண்ணையின் பொறுப்பில் விட்டுவிட்டு வெள்ளை வாகனங்கள் வரிசையாக வெளிக்கிட்டன. அவர் கேற்றைத் திறந்துவிட்டார். “இடைக்கிடை பெட்டியைப் போட்டுவிடுறன், பாருங்கோ” என்றார். தலையாட்டினேன். அழுததாக ஞாபகமில்லை. வாகனத்துக்குள் கடும் வெக்கை, அதுதான் ஞாபகம்.

வவுனியா றேடியோ அறையில் ரிஸ்வி நானாவுக்குப் பக்கத்தில் எனக்கொரு கதிரை போட்டார்கள். கூப்பிட வாகனங்கள் இல்லை. ஆனாலும் சம்பளம் தந்தார்கள், இருந்தோம். கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் றேடியோ ‘கிர்ர்’ என்னும். தருமபுரம், குளத்தில் இல்லை. விசுவமடு, குளத்தில் இல்லை. தை மாதம் உடையார்கட்டு. தன் வீட்டுக்கே போய்விட்டார் என்று நினைத்தோம்.

யோகண்ணையின் தமக்கை கமலாக்கா வவுனியாவில் இருந்தா. தையல் வேலை செய்கிறவா. தம்பியையும் அவரது மனைவி மலரையும் பற்றி அறிய நாளாந்தம் எங்கள் அறைக்கு வந்து, சுவரோரம் கிடந்த நீட்டு மர வாங்கில் இருப்பா. நான் திரையைக் காட்டுவேன். அவாவுக்குக் கண் அவ்வளவு தெரியாது. புள்ளியை மட்டும் பார்ப்பா. வாகனம் பேசாமலிருந்தால் அந்தக் கணினி இரண்டு மணித்தியாலத்தில் புள்ளியை அழித்துவிடும். நான்தான் அழிக்காதபடி மாற்றி வைத்திருந்தேன். சொந்தக் குரலில் சொல்லும்வரை யாரையும் அழிப்பதில்லை என்பதுதானே எங்கள் முறை.

உடையார்கட்டுக்குப் பிறகு றேடியோ ‘கிர்ர்’ என்னவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை. புள்ளி அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், கடைசியாகக் கேட்ட நாளும் நேரமும். கமலாக்கா ஒவ்வொரு நாளும் கேட்டா. நான் ஒவ்வொரு நாளும், வீட்டிலதான் நிக்கினம் அக்கா என்றேன். நேரத்தை வாசிக்கவில்லை.

மாசியில் காயக்காரரைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கதை வந்தது. கமலாக்காவின் தெருவிலிருந்து சிலர், ஆஸ்பத்திரியில் பெயர்களைப் பார்க்க வான் பிடித்துப் போனார்கள். ஒரு இடம் இருக்கிறது, வாறியளோ என்று அவாவையும் கேட்டிருக்கிறார்கள். அவா வந்து என்னைக் கேட்டா.

“நான் போகவேணுமோ பிள்ளை? தம்பியாக்கள் எங்கை நிக்கினம்?”

நான் திரையைப் பார்த்தேன். புள்ளிக்குப் பக்கத்தில் நின்ற நேரம் மூன்று கிழமைப் பழசு. ரிஸ்வி நானா காதுக் கருவியைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உடையார்கட்டிலதான் அக்கா” என்றேன்.

ரிஸ்வி நானா காதுக் கருவியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவாவின் முகம் தெளிந்தது. அதற்காகத்தான் சொன்னேன். வேறு காரணம் இருந்தால் இத்தனை வருடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

வான் கமலாக்கா இல்லாமல் போனது. மலர் அப்போது திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறா. கப்பலில் வந்தவா, வயிற்றில் காயம், கூட ஒருவரும் இல்லை. ஒன்பது நாள் உயிரோடு இருந்திருக்கிறா. வவுனியாவிலிருந்து யாராவது வந்தார்களா என்று ஒவ்வொரு நாளும் கேட்டதாகப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மனுசி பிறகு சொன்னா. யோகண்ணை எங்கே என்று மலருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

செய்தி தெரிந்த பிறகு கமலாக்கா ஒருதரம் அறைக்கு வந்தா. வாங்கில் இருக்கவில்லை. சண்டை பிடிப்பா என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“உங்கட ஆக்கள் எதைச் சொன்னாலும் நேரம் சொல்லித்தானே முடிக்கிறவை” என்றா. “அண்டைக்கு நானும் கேக்கேல்லை. நீரும் சொல்லேல்லை.”

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

அந்த வருடக் கடைசியில் அலுவலகத்தை மூடினார்கள். கணினியைக் கொழும்புக்கு அனுப்பும்போது புள்ளியை அழிக்கவில்லை. அங்கே யாரோ ஒருவர் அதைத் துடைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்கியிருப்பார். கொப்பிகளை எரித்தார்கள். கிளிநொச்சியில் எங்கள் றேடியோக் கம்பம் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட போன் கடை. உள்ளே பெடியள் வேலை செய்கிறார்கள், ஆனால் சோல்டர் மணம் இல்லை. மிக்கோ ஒருதரம் கடிதம் போட்டிருந்தார், எல்லாரும் எப்படி என்று. பதில் எழுதத் தொடங்கி, யோகண்ணையின் பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். ரிஸ்வி நானா முல்லைத்தீவில் பழைய வளவில் கொட்டில் போட்டு இருக்கிறார். அந்த நாளைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

கமலாக்காவைச் சந்தையில் காண்பேன். மகன் எப்படி, சுகமோ என்று கேட்பா. போன சனிக்கிழமையும் கண்டேன், மகன் வந்ததைச் சொன்னேன். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தான் என்று கேட்டா. எட்டு ஐந்து என்றேன். தலையாட்டிவிட்டு வெண்டிக்காய் முறித்துப் பார்க்கத் தொடங்கினா.

உடையார்கட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில் நின்ற மற்ற நேரமும் எனக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை, பின்னேரம் இரண்டு இருபது. அதை அவா இன்னும் கேட்கவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.